ஓர்லின் விற்காத டிராக்டர்

கார்டி வாக்கோல்ஸ் பழைய டிராக்டர் வாங்கும் விதமே தனி. யார் வீட்டு முற்றத்திலாவது ஒரு குட்டி டிராக்டர் களைக்குள் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டால் பிக்கப்பை நிறுத்தி இறங்குவார். ஆனால் டிராக்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். மழையைப் பேசுவார், சோளத்தைப் பேசுவார், வீட்டுக்காரரின் முழங்கால் ஆபரேஷனைப் பற்றி அக்கறையாக விசாரிப்பார். காபி குடிப்பார். பிறகு தொடையில் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு, "சரி, அப்ப கெளம்பறேன்" என்று எழுந்திருப்பார். விஸ்கான்சினில் அந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கிளம்புவது என்பது வந்து உட்காருவதைவிடப் பெரிய வேலை. சமையலறை வாசலில் கொஞ்சம் பேச்சு, படியில் கொஞ்சம், வண்டி அருகில் இன்னும் கொஞ்சம். பிக்கப் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்த பிறகுதான், ஏதோ அப்போதுதான் கண்ணில் பட்டதுபோல், "அந்தப் பழச வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்பார்.

அது தோட்டம் உழவும் புல் வெட்டவும் பனி தள்ளவும் அவர்களுடைய அப்பா என்றோ ஆசையாக வாங்கியதாக இருக்கும். கார்டி அதை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருவார், குளிர்காலம் முழுக்க அதனோடு மல்லுக்கட்டுவார், வசந்தத்தில் புத்தம் புதிதாக விற்றுவிட்டு அடுத்ததைத் தேடுவார். வேலை பார்த்த காலமெல்லாம் பால் லாரி ஓட்டியவர் என்பதால், எந்தப் பண்ணையில் எந்தக் கொட்டகைக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. கராஜ் நிறைய டிராக்டர். கார் வெளியில் நிற்கும். காலையில் கார் கண்ணாடியில் பனி சுரண்டுவது மனைவி மார்லிஸின் தலையெழுத்து.

"எனக்கு மட்டும் நாலு சக்கரமும் கொஞ்சம் துருவும் இருந்திருந்தா, நானும் உள்ள தூங்கியிருப்பேன்" என்பார் மார்லிஸ்.

வாங்கி விற்று வாங்கி விற்று எத்தனையோ வண்டிகள் கை மாறினாலும், கார்டி மனசுக்குள் ஒரே ஒரு வண்டிதான் உட்கார்ந்திருந்தது. ஓர்லின் ட்வெய்ட் பண்ணையில், கொட்டகைச் சாய்ப்புக்கு அடியில் நின்ற சிவப்பு டிராக்டர். கலப்பையோடு சேர்த்து வந்த மாடல். அந்த வட்டாரத்தில் இரண்டாவது ஒன்று கிடையாது. பால் லாரி ஓட்டிய நாளிலிருந்தே கார்டி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்து, முறைப்படிதான் கேட்டார்.

ஓர்லின் ஒவ்வொரு முறையும் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொன்னார். "விக்கறதுக்கு அது என்னோடது இல்லயே, கார்டி."

விற்க மனசில்லாதவர்கள் எல்லாரும் அங்கே இப்படி ஏதாவது சொல்வதுதான். அப்பாவுடையது என்பார்கள், மகனுக்கு என்பார்கள். முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. கார்டியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்புவார். மே மாதமாக இருந்தால், வீட்டுக்குப் பக்கத்தில் வரிவரியாகச் சால் உழுது போட்டிருக்கும் பெரிய காய்கறித் தோட்டத்தைக் காட்டி, "சால் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு, ஓர்லின்" என்று பாராட்டிவிட்டுப் போவார். "நான் போட்டதில்ல" என்பார் ஓர்லின். அடக்கமான மனுஷன் என்று கார்டி நினைத்துக்கொள்வார்.

ஓர்லினின் மனைவி ஆர்டிஸ் காபி கொண்டுவந்து கொடுப்பார். நல்ல குள்ளம். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் உண்டு. சிறுமியாக இருந்தபோது சோளம் உரிக்கும் இயந்திரம் மற்றதை எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தக் கையை அவர் ஏப்ரன் பைக்குள்தான் வைத்திருப்பார். உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்று ஊரில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. பார்க்காதது போலவே இருந்து இருந்து, கடைசியில் எல்லாருக்கும் அது நிஜமாகவே கண்ணில் படாமல் போய்விட்டது.

ஓர்லின் இறந்த பிறகு டிராக்டர் அசையவில்லை. ஆர்டிஸிடம் போய்க் கேட்கக் கார்டிக்குக் கூச்சம். துக்கத்தில் இருக்கிறவரிடம் போய் உங்கள் வீட்டுக்காரர் வண்டியைக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? ஆனால் டுவேன் ப்ரொஹாஸ்காவுக்குக் கூச்சம் எல்லாம் பழக்கமில்லை. டுவேனும் பழைய டிராக்டர்தான் வாங்குவான். வாங்கியதைப் பிரித்து, சக்கரம் ஒருவனுக்கு, கியர்பெட்டி ஒருவனுக்கு என்று விற்றுவிடுவான். கார்டி அவனைக் கசாப்புக்காரன் என்றுதான் சொல்வார். வாராவாரம் ஊரே கூடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் பக்கத்து மேசையிலிருந்து டுவேன் சொன்னான்: "ட்வெய்ட் கெழவி வீட்டுப் பக்கம் ஒருநாள் போகணும். நீ கேட்டுக் கேட்டுத் தேஞ்சுபோனதுதான் மிச்சம்."

அன்றைக்குக் கார்டிக்கு மீன் இறங்கவில்லை. அந்தச் சிவப்பு வண்டி துண்டு துண்டாகத் தபாலில் போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நல்லவேளை, இலையுதிர் காலத்தில் ஆர்டிஸே போன் செய்தார். அந்த வண்டிமேல் இன்னும் உனக்குக் கண் இருக்கிறதா என்று கேட்டார். கார்டி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேதான் பதில் சொன்னார்.

அங்கே நடந்த பேரத்தை வெளியூர்க்காரன் பார்த்திருந்தால் இருவருக்கும் மூளை பிசகிவிட்டது என்றே நினைத்திருப்பான். ஆர்டிஸ் சொன்ன அற்ப விலையைக் கேட்டுக் கார்டிக்குக் கோபமே வந்தது. என்னை என்ன திருடன் என்று நினைத்தீர்களா என்று அவர் ஏற்றிக் கேட்க, துருவுக்கு யாராவது இவ்வளவு கொடுப்பார்களா என்று ஆர்டிஸ் இறக்க, இவர் மறுபடி ஏற்ற, அவர் மறுபடி இறக்க, இரண்டு பேருக்கும் முகம் சிவந்து, கடைசியில் நடுவில் எங்கேயோ வந்து நின்றார்கள்.

டயர்கள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. வின்ச் போட்டு இழுத்து டிரெய்லரில் ஏற்றுவதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. ஆர்டிஸ் முழு நேரமும் குளிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி ஓடுமா, கார்டி?"

"ஓடும், மிஸஸ் ட்வெய்ட். கடையிலேர்ந்து வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டு வந்துடுவேன்."

"சரி பண்ணினப்பறம்... நீதான் எல்லாத்தையும் விப்பியே. இத—"

"இத விக்கமாட்டேன்" என்றார் கார்டி. ஒரு விதவையிடம் இதைவிட ஆறுதலாக என்ன சொல்லிவிட முடியும் என்று அவர் நினைத்தார். "சத்தியமா. என் உசுரு இருக்கற வரைக்கும் இத எவனுக்கும் குடுக்கமாட்டேன்."

ஆர்டிஸ் டிரெய்லரில் நின்ற வண்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அதுவும் நல்லதுதான்" என்றார்.

கார்டிக்கு வீடு வரும்வரை சீட்டில் உட்கார்ந்த மாதிரியே இல்லை.

அந்தக் குளிர்காலம் அவருடைய வாழ்க்கையிலேயே நல்ல குளிர்காலம் என்று சொல்ல வேண்டும். என்ஜின் உறையைத் திறந்தால் உள்ளே எலி குடும்பம் நடத்திவிட்டுப் போன பஞ்சு மெத்தை. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. எண்ணெய் ஊற்றி ஊற வைத்துவிட்டு, தினமும் காலையில் காபிக்கு முன்னால் கராஜுக்குப் போய் என்ஜின் சக்கரத்தைப் பிடித்து மெல்ல ஒரு இழுப்பு. வராது. ஒரு சண்டையும் போடமாட்டார், தட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். வாரக்கணக்கில் இப்படி. ஒருநாள் காலை ஒரு மயிரிழை நகர்ந்தது. கார்டி சமையலறைக்கு ஓடிவந்து மார்லிஸைக் கட்டிக்கொண்டார், கையெல்லாம் எண்ணெய்.

"இப்படி என்னயக் கட்டிப் பிடிச்சு எத்தன நாளாச்சு தெரியுமா?" என்றார் மார்லிஸ். "அந்தப் பிஸ்டனுக்கு நான் நன்றி சொல்லணும்."

வண்டியைப் பிரிக்கும்போது சில வேடிக்கைகள் அகப்பட்டன. கலப்பையைத் தூக்கி இறக்கும் லிவர் எந்த வண்டியிலும் வலது பக்கம்தான் இருக்கும். இதில் யாரோ அதைக் கழற்றி, இடது பக்கச் சட்டத்தில் ஓட்டை போட்டு அங்கே மாட்டியிருந்தார்கள். ஸ்டீயரிங் வளையத்தில் ஓரிடத்தில், மாட்டு மடியில் மாட்டிப் பால் கறக்கும் இயந்திரத்தின் ரப்பர் குழாய் ஒன்றை நீளவாக்கில் கீறிச் செருகி, கம்பியால் சுற்றியிருந்தது. கிளட்ச் மிதியின்மேல் ஒரு தடித்த மரக்கட்டை. ஓர்லின் கைவேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது. அந்த மனுஷன் பண்ணையில் எதையும் ஒழுங்காகச் சரிசெய்தது கிடையாது, எல்லாமே கம்பியும் கட்டையும்தான். கார்டி சிரித்துக்கொண்டே ரப்பரைப் பிடுங்கினார், கட்டையைக் கழற்றினார், லிவரை அதன் சரியான இடத்துக்கு மாற்றினார். இடது பக்கத்து ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்து, இருந்த சுவடே தெரியாமல் தேய்த்தார்.

மார்லிஸ் காபி கொண்டுவந்தபோது அந்தக் கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு காலு தேய்ச்ச தேய்மானம்?"

"ஓர்லின் காலுதான். வேற யாரு?"

"ஓர்லின் காலு படகு மாதிரி இருக்கும். நம்ம வாசல்ல அவரு பூட்ஸக் கழட்டி வச்சா நாம தாண்டித்தான் போகணும். இது சின்னக் காலு, கார்டி."

ஈரத்தில் கிடந்தால் மரம் தேயாதா என்று கார்டி ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆனாலும் கட்டையைக் குப்பையில் போடவில்லை. கழற்றிய எதையும் அவர் போடமாட்டார். திருகாணி, கம்பி, உடைந்த ஸ்பிரிங் எல்லாம் காபி டப்பாக்களில் அலமாரி நிறைய நின்றன. நான் செத்தால் என் சாம்பலையும் அதில் ஒன்றில் போட்டுவிடுவார், அப்புறம் எந்த டப்பா என்று மறந்துவிடுவார் என்று மார்லிஸ் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பனி உருகும்போது வண்டி தயார். அந்தச் சிவப்பு நிறத்தைப் பற்றிச் சொல்வதென்றால், கார்டி அதை இரண்டு முறை அடித்து, திருப்தி இல்லாமல் தேய்த்தெடுத்து, மறுபடி அடித்தார். பக்கத்தில் யாரும் பெல்ட் போட்ட பேண்ட்டோடு வரக்கூடாது, பக்கிள் உரசிவிடும். வண்டி ஓடியது. ஸ்டார்ட்டர் கயிற்றின் ஒரே இழுப்பில் ஓடியது. அவர் கண் கலங்கியதை மார்லிஸ் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் உள்ளே போய்விட்டார்.

மே மாதம் உழவு நாள் வந்தது. சுற்றுவட்டாரத்து ஆட்கள் எல்லாம் தங்கள் குட்டி டிராக்டர்களைக் கொண்டுவந்து, யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்த வயலில் உழுவார்கள். போட்டி இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள், எல்லாரும் அடுத்தவன் போட்ட சால் நேராக இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் கரியடுப்பில் தொத்திறைச்சி வெந்துகொண்டிருக்கும். பெண்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆண்கள் குழந்தைகளாவதை வேடிக்கை பார்ப்பார்கள்.

வண்டியை விற்றவரைக் கூப்பிட்டு, எழுந்து நிற்கும் வண்டியைக் காட்டுவது கார்டியின் வழக்கம். ஆர்டிஸை அழைத்துவரப் போன மார்லிஸ், வந்து இறங்கும்போதே கணவரைக் கொஞ்சம் ஒருமாதிரி பார்த்தார். ஆர்டிஸ் கையில் மடக்கு நாற்காலி இல்லை. காலில் சேறு மிதிக்கும் பூட்ஸ், இடது கையில் தோல் உறை. தலைமயிரைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர் கோலம் அது இல்லை. ஆனால் கார்டிக்கு அன்றைக்கு வண்டியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"ஏறி ஒக்காந்து பாருங்க, மிஸஸ் ட்வெய்ட்" என்றார், மரியாதைக்கு.

ஆர்டிஸ் ஒரு சுற்று சுற்றி வந்தார். பெயிண்டைத் தொடவில்லை. பிறகு ஏறினார். கைகொடுக்கப் போன கார்டி, கொடுக்கத் தேவையில்லாமல் பாதியில் நின்றார். அத்தனை லாகவமாக ஏறினார் அந்த அம்மா.

அப்புறம் நடந்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆர்டிஸ் எங்கும் பார்க்கவில்லை, நேரே எதிரில் இருந்த வயலைத்தான் பார்த்தார். ஏப்ரன் பைக்குள்ளேயே வாழ்ந்த அந்த வலது கை தானாக எழுந்து ஸ்டீயரிங் வளையத்தில் ஓரிடத்துக்குப் போனது. அங்கே ரப்பர் இல்லை. வழவழப்பான வளையத்தில் அந்த இரண்டு விரல்கள் வழுக்கின. இடது கை இறங்கி இடது பக்கம் ஒரு லிவரைப் பிடிக்கப் போய், வெறும் காற்றைப் பிடித்தது. கால் கிளட்சைத் தேடி நீண்டு, எட்டாமல் தொங்கியது.

ஆர்டிஸ் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"ரொம்ப அழகா இருக்கு, கார்டி" என்றார். "கடையிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கு." இறங்கிப் போய், மார்லிஸ் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

கார்டிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. விக்கறதுக்கு அது என்னோடது இல்லயே. நான் போட்டதில்ல. ஓர்லின் வருஷா வருஷம் மெனக்கெட்டு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், இவர் வருஷா வருஷம் அதை மரியாதைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்திருக்கிறார். இத்தனை காலமும் கேட்க வேண்டிய ஆள் பக்கத்திலேயே காபித் தட்டோடு நின்றிருந்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் பக்கம் திரும்பிக் கேட்கத் தோன்றவில்லையே என்று கார்டி தன்னையே நொந்துகொண்டார்.

அவர் முறை வந்ததும் போய் உழுதார். வேறு வழி? பாதி வாழ்க்கை ஆசைப்பட்ட வண்டியில், ஆசைப்பட்ட கலப்பையோடு, அவர் போட்ட சால் பாம்பு போன தடம் மாதிரி இருந்தது.

"பெயிண்ட்தான் போட்டே, ஓட்டக் கத்துக்கலயா?" என்று டுவேன் வயலுக்குக் கேட்கிற மாதிரி கேட்டான்.

சாயங்காலம் ஆர்டிஸை அவரே வீட்டில் கொண்டுபோய் விட்டார். டிரெய்லரில் சிவப்பு வண்டி பின்னாலேயே வந்தது. வழியெல்லாம் மழையைப் பேசினார்கள், சோளத்தைப் பேசினார்கள். காபி குடித்தார். "சரி, அப்ப கெளம்பறேன்" என்றார். வாசலில் கொஞ்சம், படியில் கொஞ்சம். பிக்கப் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். அந்த இடத்தில் நின்றால்தான் அவருக்குக் கேட்க வரும்.

"மிஸஸ் ட்வெய்ட், இந்தத் தோட்டத்த யாரு உழுதது?"

"எந்த வருஷம்?"

"எல்லா வருஷமும்."

"நான்தான். ஓர்லினுக்கு நேரா நடக்கவே வராது, நேரா உழறதாவது." ஆர்டிஸ் லேசாகச் சிரித்தார். "கல்யாணத்துக்கு அப்பறம் எங்கப்பா எனக்குன்னு வாங்கிக் குடுத்த வண்டி. கை இப்படி ஆனதுக்கு அவருக்கு மனசு ஆறவே இல்ல. ஓர்லின்தான் எல்லாத்தையும் என் கைக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுத்தாரு. அந்தக் கட்ட இருக்கே, அது என் ரொட்டி வெட்டற பலகை. கேக்காமயே அறுத்துட்டாரு. ஒரு வாரம் அவரோட பேசல நான்."

"அவரு எங்கிட்ட சொல்லவே இல்லயே."

"சொன்னாரே. ஒவ்வொரு தடவயும் உள்ள வந்து எங்கிட்ட சொல்லுவாரு, 'கார்டிகிட்ட இன்னிக்கும் சொன்னேன், அவன் இன்னிக்கும் நம்பல'ன்னு. சாப்புடற வரைக்கும் சிரிச்சுக்கிட்டு இருப்போம்."

கார்டி அசடு வழிய நின்றார். அப்புறம், அப்படியென்றால் ஏன் விற்றீர்கள் என்று கேட்டார்.

ஆர்டிஸ் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஓர்லின் போன பிறகு வண்டி ஓடவில்லை. சரி பண்ணிக் கொடு என்று ஒருத்தரிடம் போய் எப்படிக் கேட்பது, அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். கார்டி வாங்கினால் சரி பண்ணுவான், சரி பண்ணியதை விற்கத்தான் செய்வான், அப்போது அவன் சொல்லும் விலையைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"நீதான் உசுரு இருக்கற வரைக்கும் குடுக்கமாட்டேன்னுட்டியே" என்றார். "அத்தன ஆசையா சொன்னே. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

சொல்லியிருக்கலாமே என்று கார்டிக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து அப்படிக் கேட்க முடியாது. ஆர்டிஸாலும் சொல்லியிருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து கராஜில் வண்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு அது வேண்டும். அதுதான் உண்மை, மறைத்துப் பேசிப் பயனில்லை. எத்தனையோ வண்டிகளைப் பிறத்தியாருக்காகப் பளபளக்க வைத்தவர், இது ஒன்றாவது எனக்கு என்று வைத்திருந்தார். கொடுப்பது ஒருபக்கம் இருக்கட்டும். கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பெயிண்டில் டிரில்லை வைக்க வேண்டும். தன் கையால் தேய்த்து, அடைத்து, மூன்று முறை அடித்த இடத்தில், தன் கையாலேயே ஓட்டை போட வேண்டும்.

மார்லிஸ் வந்து பக்கத்தில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டார். நான் அப்போதே சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

"எந்த டப்பா?" என்றுதான் கேட்டார்.

கார்டி கையைக் காட்டினார். ஜன்னலுக்குக் கீழே, நீல மூடி போட்டது. மார்லிஸ் கட்டையையும் ரப்பரையும் எடுத்து வந்தார்.

டிரில் பெயிண்டைத் தொட்டபோது கார்டி கண்ணை மூடிக்கொண்டார். "கண்ணத் தொறந்துக்கிட்டுப் போடு, கோணையாப் போயிடப் போகுது" என்றார் மார்லிஸ். சிவப்புத் தூள் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. இரண்டாவது ஓட்டையைக் கண்ணைத் திறந்துகொண்டே போட்டார்.

மறுநாள் வண்டியோடு அவர் போய் நின்றபோது ஆர்டிஸ் கொடிக்கம்பியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். டிரெய்லரில் இருந்ததைப் பார்த்ததும் கையிலிருந்த போர்வை பாதி கம்பியிலும் பாதி புல்லிலுமாகக் கிடந்தது.

சும்மா கொடுத்தால் அந்த அம்மா வாங்கமாட்டார் என்று கார்டிக்குத் தெரியும். வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். இந்த முறை மழையைப் பற்றிப் பேசவில்லை, காபி கேட்கவில்லை. வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டார்.

"பாருங்க, மிஸஸ் ட்வெய்ட், வண்டியக் கெடுத்துட்டேன். சட்டத்துல ஓட்ட, பெயிண்ட் போச்சு, லிவர் தப்பான பக்கத்துல இருக்கு. இத இனிமே எந்தக் கிறுக்கனும் வாங்கமாட்டான். எனக்கும் ஒதவாது, என் கை இந்தப் பக்கம் வராது. கராஜுல எடத்த அடைக்குது, மார்லிஸ் கார நிறுத்த எடமில்லன்னு தெனம் சண்ட. நீங்க எடுத்துக்கிட்டா எனக்குத்தான் ஒதவி."

ஆர்டிஸ் அவரைப் பார்த்தார். அந்தப் பொய் எத்தனை மோசமான பொய் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"ஒதவின்னா செய்யத்தான் வேணும்" என்றார் ஆர்டிஸ். புல்லில் கிடந்த போர்வையை எடுத்துக் கம்பியில் போட்டார். "ஆனா நீ குடுத்த பணத்த நான் திருப்பிக் குடுத்துடுவேன்."

கார்டி விலையை இறக்கினார், ஆர்டிஸ் ஏற்றினார். இந்தத் தடவை இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டதால் பேரம் சீக்கிரம் முடிந்தது. அடுத்த உழவு நாளுக்கு வந்து டுவேன் வாயை அடைக்க வேண்டும் என்பதும் பேரத்தில் சேர்ந்துகொண்டது.

வண்டியை இறக்கி, கலப்பையை மாட்டி, தோட்டத்து ஓரத்தில் நிறுத்தினார். ஆர்டிஸ் உள்ளே போய் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். ஏறினார். அந்த வலது கை எழுந்து வளையத்துக்குப் போனது, ரப்பர்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. இடது கை இறங்கி லிவரைப் பிடித்தது. சின்னக் கால் ரொட்டிப் பலகையின் குழிவில் பதிந்தது. எதையும் அவர் குனிந்து பார்க்கவில்லை. கார்டி கயிற்றை இழுத்தார், என்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது.

களை மண்டிக் கிடந்த தோட்டத்தில் கலப்பை இறங்கி, மண் கறுப்பாகப் புரண்டு சாய்ந்தது. மறுகோடி வரை போனார், லிவரைத் தூக்கினார், திரும்பினார், வந்தார். கார்டி வேலிக்கம்பத்தில் சாய்ந்துகொண்டு பார்த்தார். பெயிண்டில் மண் அப்பியிருந்தது. பரவாயில்லை என்று தோன்றியது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆர்டிஸ் அவர் பக்கத்தில் வந்து வண்டியை நிறுத்தினார். கன்னத்தில் ஒரு கோடு மண்.

வருஷா வருஷம் சொன்னதையே கார்டி சொன்னார். "சால் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு, ஆர்டிஸ்."

அந்த ஊரில் யாரும் பாராட்டை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஏதோ சுமாராக வந்தது, மண் ஈரமாக இருந்தது என்று எதையாவது சொல்லித் தட்டிக் கழிப்பார்கள். ஆர்டிஸ் திரும்பித் தன் சாலின் மறுகோடி வரை ஒருமுறை பார்த்தார்.

"நான் போட்டது" என்றார். பிறகு லிவரை இறக்கிவிட்டு அடுத்த சாலுக்குப் போனார்.